அதிகாலை 4.24க்கு 1990ஐ அடித்தேன்

இலங்கையின் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பற்றித்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு ஐந்து. இதை முதலிலேயே சொல்லக் காரணம், வாசிக்கிறவர்களில் யாராவது இந்த நேரம் நெஞ்சு இறுக்கத்தோடு வீட்டில் தனியாக இருந்தால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம். போனை எடுத்து 1990ஐ அடியுங்கள், வாசல் கதவின் பூட்டைத் திறந்து விடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் சுவரில் சாய்ந்து இருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு 62 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். மகன் மெல்பேர்னில், மகள் கனடாவில் ஸ்காபரோவில். கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் பதினோரு வருஷமாகக் குளிசை போடுகிறேன், கிளினிக் தவறவிட்டதில்லை. அதனால் எனக்கு மாரடைப்பு வராது என்று ஒரு நினைப்பு இருந்தது என்று இப்போது விளங்குகிறது.

போன ஆவணியில் ஒரு வெள்ளி இரவு. சொந்தக்காரப் பிள்ளையின் பிறந்தநாள் வீட்டில் இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு பத்தரைக்கு வந்து படுத்தேன். மூன்றே முக்காலுக்கு முழிப்பு வந்தது. நோவு என்று சொல்ல முடியாது, நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றிக்கொண்டு இருப்பது போல ஒரு பாரம். இடக்கை நோகவில்லை. படங்களில் காட்டுவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவும் இல்லை. கீழ்த்தாடை மட்டும் பல்லுக்கொதி தொடங்கப் போகிற மாதிரி உளைந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தலையணை உறை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. அந்த வியர்வையைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். குளிர்ந்த வியர்வை, கையால் துடைத்தால் உடனே திரும்ப ஊறுகிறது.

நான் என்ன செய்தேன்? இறைச்சி சாப்பிட்டது, வாயுதான் என்று முடிவு கட்டினேன். எழுந்து போய் இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணி கொதிக்க வைத்தேன், பெருங்காயம் கரைத்தேன், நெஞ்சில் பாம் பூசினேன், ஏவறை வருமா என்று குசினிக் கதிரையில் இருந்து பார்த்தேன். வரவில்லை. இருபது நிமிஷம் அப்படியே போய்விட்டது.

இதில் என் நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. என் கணவருக்கும் இதேதான் நடந்தது. அதே குசினி, அதே இஞ்சித் தண்ணி. விடியட்டும், காலையில் டொக்டரிடம் போவோம் என்று இரண்டு பேரும் விடியும் வரை இருந்தோம். ஏழு மணிக்கு த்ரீவீலரில் கூட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு நேரம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அங்கே கேட்டார்கள், அடுத்த நாள் இரவு அவர் இல்லை. அதைக் கண்ணால் பார்த்த நானே ஐந்து வருஷம் கழித்து இஞ்சி தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்றால், ஒன்றும் தெரியாத ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்ததாக நான் செய்தது இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிற அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும்: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மயங்குவதற்குப் பத்து விநாடிதான் இருக்கிறது, ஆழமாக மூச்செடுத்து இரண்டு விநாடிக்கு ஒரு தரம் பலமாக இருமுங்கள், இருமல் இருதயத்தை அமத்தி இரத்தத்தை ஓட வைக்கும் என்று. நானே அதை மூன்று குரூப்புக்கு அனுப்பியவள். இருட்டில் சோபாவில் இருந்து இருமினேன். ஒவ்வொரு இருமலுக்கும் பாரம் கூடியது, கண் இருண்டது, வாந்தி வருவது போல வந்தது. ஐந்து நிமிஷமாவது இருமியிருப்பேன். அந்த நேரத்தில் போன் என் கையிலேயே இருந்தது.

பிறகு வார்டில் இளம் டொக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்று எனக்கு விளங்கப்படுத்தினார். மாரடைப்பு வேறு, இதயம் நின்று போவது வேறு. மாரடைப்பில் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு இரத்தம் கொண்டு போகிற குழாய் ஒன்றில் இரத்தக் கட்டி அடைத்துக்கொள்கிறது, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. இருமினால் அந்தக் கட்டி அசையாது. இதயம் நின்றே போனால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும், பிறகு இருமுவதற்கு ஆள் ஏது? ஆஸ்பத்திரியில் மானிட்டர் பூட்டி டொக்டர்மார் பக்கத்தில் நிற்கும்போது சில வகைத் துடிப்புக் கோளாறுக்கு நோயாளியை இருமச் சொல்வது உண்டாம், அது சில விநாடிகளுக்கான வேலை. அதை யாரோ வீட்டு வைத்தியமாக்கிவிட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டது. அந்த மூன்று குரூப்பிலும் இது பிழை என்று இப்போது எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்தால் தயவு செய்து அனுப்பாதீர்கள்.

சரி, போன் கோலுக்கு வருகிறேன். முதலில் நான் அடித்தது 1990ஐ இல்லை, மகளை. நம் சனம் எல்லாம் செய்வது அதுதானே. அங்கே மாலை ஏழு மணி ஆகிறது, பஸ்ஸில் இருந்தாள். "வேர்க்குதா அம்மா?" என்று மட்டும்தான் கேட்டாள். ஓம் என்றேன். "போனை வையுங்கோ, 1990ஐ அடியுங்கோ, நான் இங்கேயிருந்து அடிக்க ஏலாது" என்று கத்தினாள். அவள் சொன்னது சரி. இந்த மூன்று நாலு இலக்க நம்பர்கள் நாட்டுக்குள்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவின் பக்கத்து வீட்டு நம்பரையும் கீழ் வீட்டு நம்பரையும் போனில் போட்டு வைத்திருப்பது நல்லது, அவர்களால் அங்கிருந்து பிடிக்கக் கூடியது அதைத்தான்.

4.24க்கு அடித்தேன், போனில் இப்போதும் இருக்கிறது. இரண்டாவது மணிக்கு எடுத்தார்கள். முதலில் சிங்களம். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அந்த நேரம் வாயில் வரவில்லை, "தமிழ்" என்று ஒரு சொல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை தமிழில் கதைத்தாள். கொழும்பில் இருக்கிற எத்தனையோ பேர் "அவங்கள் சிங்களத்திலதானே கதைப்பாங்கள்" என்று நினைத்தே அடிக்காமல் இருக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். "அம்மா, எங்க நோகுது, எப்ப தொடங்கினது, வேர்க்குதா, மூச்சு எடுக்க முடியுதா, வேற என்ன வருத்தம் இருக்கு, வீட்டில ஆர் நிக்கினம்?" ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவசரப்படுத்தவில்லை. தனியாக இருக்கிறேன் என்றதும் குரல் மாறியதைக் கவனித்தேன். விலாசத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். காலி வீதியில் எந்தக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கை, கடல் பக்கமா மற்றப் பக்கமா, கேற் என்ன நிறம், எத்தனையாம் மாடி என்று கேட்டாள். நான் கீழே இறங்கி வந்து கேற்றடியில் நிற்கிறேன் என்றேன். "வேண்டாம் அம்மா, ஒரு படியும் இறங்க வேண்டாம். கதவைத் திறந்து வைச்சிட்டு இருங்கோ. அவங்கள் மேல வருவாங்கள்."

அந்த ஒரு வசனத்துக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். மூன்று மாடி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு டொக்டரிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் தலையை ஆட்டினார். அடைப்பு இருக்கிற இதயத்துக்குப் படி இறங்குவதும் வேலைதான், சாமான் எடுத்து வைப்பதும் வேலைதான். நான் அதற்கு முன்பே பேங்க் புத்தகத்தையும் கிளினிக் கொப்பியையும் தேடி அலுமாரியை இழுத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் இரும்புக் கேற் ஒன்று, அதற்குப் பின்னால் மரக்கதவு, இரண்டுக்கும் இரண்டு திறப்பு. கள்ளருக்குப் பயந்து போட்டது. நடுங்குகிற கையால் அந்தத் திறப்பை ஓட்டைக்குள் நுழைப்பதுதான் அன்றைக்கு நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை. திறந்து, லைற்றைப் போட்டு, செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். முதுகு சுவரில், முழங்கால் மடித்து, தோளுக்குப் பின்னால் ஒரு தலையணை. மயங்கினாலும் உயரத்திலிருந்து விழ மாட்டோம், அதற்காகத்தான் நிலத்தில். குளியலறைக்குள் போக வேண்டும் போல ஒரு அந்தரம் வரும், போகாதீர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது.

இருந்த இடத்திலிருந்தே கீழ் வீட்டுத் தம்பியை அடித்தேன். அவர் எடுத்ததால்தான் அம்புலன்ஸ் உள்ளே வந்தது. எங்கள் தொடர்மாடியின் கதை இது, 1990ஐப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரவில் வெளிக் கேற்றுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். திறப்பு காவலாளியிடம். காவலாளி அன்றைக்கு மோட்டர் அறைக்குள் படுத்திருந்தார். தம்பி சாரத்தோடு ஓடிப் போய் அவரை எழுப்பித் திறந்திருக்கிறார். மின்சாரச் செலவுக்காக இரவு 11க்குப் பிறகு லிஃப்டையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தம்பி அன்றைக்கு வீட்டில் இல்லாதிருந்தால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

4.37க்கு இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஒரு இளம் பெடியன், அவர்தான் மருத்துவ உதவியாளர், மற்றவர் சாரதி. "பய வென்ன எப்பா அம்மே", பயப்பட வேண்டாம் அம்மா, என்று சிங்களத்தில் சொன்னபடியே வாசலில் முழங்காலில் இருந்து என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சீனி பார்த்தார். நான் ஒக்சிசன் கேட்டேன். கிளிப்பில் 97 என்று காட்டுகிறது, உங்களுக்கு இப்போது அது தேவையில்லை என்று பொறுமையாகச் சொன்னார். (ஒக்சிசன் எல்லாருக்கும் கொடுப்பது பழைய முறை, அளவு குறைந்தால்தான் கொடுப்பார்கள் என்று வார்டிலும் சொன்னார்கள்.) ஆஸ்பிரினுக்கு அலர்ஜி இருக்கிறதா, வயிற்றுப்புண்ணில் இரத்தம் போனதா, இரத்தம் கரைக்கிற குளிசை ஏதும் போடுகிறேனா என்று கேட்டுவிட்டு, போனில் ஒரு டொக்டரோடு கதைத்துவிட்டு ஆஸ்பிரின் தந்தார். விழுங்காமல் சப்பச் சொன்னார். கைப்பு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

ஆஸ்பிரின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வீட்டில் இருக்கவில்லை. முன்பு இருந்தது. டெங்கு காலத்தில் காய்ச்சலுக்கு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று நானே எடுத்து எறிந்தேன். கொழும்பில் நிறையப் பேர் வீட்டில் அப்படித்தான். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் போட்டால் இரத்தப்போக்குக்கு வழி, அது முழு உண்மை, காய்ச்சலுக்கு அதைத் தொடவே கூடாது. மாரடைப்பில் அதே குணம்தான் உதவுகிறது, குழாயில் கட்டி மேலும் வளராமல் தடுக்கும். 300 மில்லிகிராம், சாதாரணக் குளிசை. வயிற்றுக்காக மேலே பூச்சுப் பூசிய வகை மெதுவாகத்தான் கரையும், வேறு இல்லையென்றால் அதையும் நன்றாகச் சப்ப வேண்டும். சப்பினால் கெதியாக இரத்தத்தில் சேரும். ஆனால் கோல் எடுத்த பிறகுதான் இது. ஆஸ்பிரின் தேடி அலுமாரி அலுமாரியாக நடக்காதீர்கள், கைக்கெட்டினால் சரி. அலர்ஜி, இரத்தப்போக்கு, வார்ஃபரின் போன்ற இரத்தம் கரைக்கிற குளிசை என்று ஏதாவது இருந்தால் 1990இல் கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்கள் டொக்டர் இப்போதே இது பற்றி என்ன சொல்கிறார் என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு வைப்பது இன்னும் நல்லது. நான் இப்போது ஒரு அட்டையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு "நெஞ்சுக்கு மட்டும், காய்ச்சலுக்கு இல்லை" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வாசல் தட்டில் வைத்திருக்கிறேன்.

நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை வேறு. அது உங்களுக்கென்று டொக்டர் எழுதித் தந்திருந்தால் மட்டும், இருந்துகொண்டுதான் போட வேண்டும், பிரஷரைச் சட்டென்று இறக்கும். பக்கத்து வீட்டு அன்ரியின் குளிசையை வாங்கிப் போடுகிற விஷயம் இல்லை.

லிஃப்ட் இல்லாததால் கைபிடி வைத்த துணி ஸ்ட்ரெச்சரில் போட்டு, மூன்று மாடியும் அந்த இரண்டு பேரும் கீழ் வீட்டுத் தம்பியும் சேர்ந்து தூக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சாரதி சிங்களத்தில் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். காலி வீதி வெறிச்சென்று கிடந்தது. அரச ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் இறக்கின உடனே ஈசிஜி எடுத்தார்கள். ஐந்தேகாலுக்கு முன் கட்டி கரைக்கிற ஊசி ஏறிவிட்டது. அந்த ஊசிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை பலன் இருக்கலாம், ஆனால் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் போட்டால் மிஞ்சுகிற தசை அதிகம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஆஞ்சியோகிராம், ஒரு ஸ்டென்ட். இன்றைக்குக் காலையில் மரீன் டிரைவில் இருபது நிமிஷம் நடந்தேன்.

காசு? அம்புலன்ஸுக்கு ஒரு சதமும் இல்லை. கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. 2016 ஆடியில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு இந்தியாவின் நன்கொடையில் தொடங்கியது. 2018இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து மற்ற மாகாணங்களுக்கும் விரித்தார்கள், மொத்தம் 297 வண்டி. இது எல்லாம் எனக்குச் செய்தியாகத் தெரியும். ஆனாலும் 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் முழுக்க நின்ற பிறகு, இந்த நாட்டில் அடித்தால் ஏதாவது வரும் என்ற நம்பிக்கையே எனக்குப் போயிருந்தது. வந்தது.

சிலருக்குப் பிடிக்காமல் போகக் கூடிய ஒன்றையும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கள், என் டொக்டர் அங்கேதான் இருக்கிறார் என்று கேட்கிற நேரம் இது இல்லை. காப்புறுதி இருக்கிறதே என்று யோசிக்கிறவர்கள் அதைப் பிறகு பார்க்கலாம். அதே மாதிரி கிளினிக்குக்குப் போக, வீட்டுக்குத் திரும்பிவர என்று இந்தச் சேவையைக் கூப்பிடாதீர்கள், நீங்கள் வைத்திருக்கும் வண்டி இன்னொருவருக்கு உயிர்.

த்ரீவீலர் கெதியாக வருமே, வாசலிலேயே நிற்கிறதே என்று எத்தனையோ பேர் என்னிடம் வாதாடினார்கள். வரும். ஆனால் வழியில் இதயம் நின்றுவிட்டால் அந்தச் சாரதித் தம்பி பாவம் என்ன செய்வார்? நெஞ்சை அமத்தத் தெரிந்த கையும் அதற்கான சாமானும் இருப்பது அம்புலன்ஸில். சொந்தக் காரை நீங்களே ஓட்டிப் போவது அதைவிட மோசம், மயங்கினால் றோட்டில் போகிறவனையும் சேர்த்துக் கொல்வீர்கள்.

பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் தனியாக ஒரு சொல். நமக்கு நெஞ்சு நோவே பெரிதாக இல்லாமல் வரலாம். மூச்சு வாங்குதல், ஓங்காளம், முதுகு உளைவு, காரணமில்லாத களைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடை. வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த வத்தளைப் பக்கத்து அம்மாவுக்கு நோவே இல்லையாம், சேலை மடிக்க முடியாத களைப்பு மட்டும்தான், அதோடு இரண்டு நாள் இருந்திருக்கிறார். வாயுவாக இருந்தால் என்ன, கூப்பிட்டு வெட்கப்பட்டாலும் போகட்டும். "வாயு என்றால் திரும்பிப் போவோம் அம்மா, அதில ஒண்டும் இல்லை" என்று அந்த மருத்துவ உதவியாளரே சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார், எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

அவர்களுக்கு ஒரு ஆப் இருக்கிறது, மகள் வந்தபோது என் போனில் போட்டுத் தந்தாள். கட்டில் தலைமாட்டில் போனும் டோர்ச்சும், வாசல் திறப்பு கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில், என் குளிசைகளின் பெயர் எழுதிய பேப்பர் கதவின் உள்பக்கத்தில். கீழ் வீட்டுத் தம்பியிடம் இப்போது என் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது, அவருடைய அம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது.

தொடர்மாடிக் கூட்டத்தில் போன மாதம் எழுந்து நின்று கேட்டேன், சங்கிலித் திறப்பு மாடிக்கு ஒன்று வேண்டும், லிஃப்ட் இரவிலும் ஓட வேண்டும் என்று. திறப்பு தந்துவிட்டார்கள். லிஃப்ட் பற்றி "பார்ப்போம்" என்றார்கள். எங்கள் கட்டடத்தில் அறுபதைத் தாண்டினவர்கள் மட்டும் பதினாறு பேர், எண்ணிப் பார்த்தேன், அதில் ஏழு பேர் தனியாக இருக்கிறோம். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அந்த ஏழு பேரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போகிறேன்.